கயிற்றுக்கு இந்தப் பக்கம்

கேள்வி: முட்டையிடும் மாதங்கள் வந்தால் இயற்கைக் காப்பகத்தில் நடைபாதையின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் குப்பை போடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் நாலு பேர் ஓரமாக நடந்துபோனால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: முழுகத்தான் செய்கிறது. அந்தக் குடி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பாருங்கள்.

உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவைக்கு மரக்கிளையும் கிடையாது, பின்னிய கூடும் கிடையாது. காய்ந்த மணலில் நெஞ்சை அழுத்திச் சிறு பள்ளம் பறிக்கும். அதில் நாலைந்து சிப்பித் துண்டுகள். மூன்று முட்டைகள், மணல் நிறத்தில், மேலே கறுப்புக் கிறுக்கல்கள். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து ஓடும். சில சமயம் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்களை வேறு பக்கம் திருப்பப் பார்க்கும். அது திரும்பி வரும்வரை முட்டை வெயிலில் காயும், காகம் கண்டுபிடித்துவிடும். நீங்கள் மிதிக்கக்கூட வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் கோல் ஆயில் பாயிண்ட் என்று ஒரு பல்கலைக்கழகக் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள கடற்கரை பொதுமக்கள் நடக்கிற இடம். ஸ்னோயி ப்ளவர் என்னும் உப்புக்கொத்தி அங்கே வந்து தங்கும், ஆனால் பல ஆண்டுகளாக முட்டையிடவில்லை. 2001-இல் கடற்கரையை யாரும் மூடிவிடவில்லை. மேல்மணலில் ஒரு பகுதியை மட்டும் கயிறு கட்டிப் பிரித்தார்கள். தன்னார்வலர்கள் நின்று வருகிறவர்களிடம் காரணத்தைச் சொன்னார்கள். ஈரமணலில் நடந்தவர்கள் வழக்கம்போல நடந்தார்கள். பறவைகளுக்கு ஏற்பட்ட தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. குஞ்சு பொரிப்பது மறுபடி தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

அங்கேயே ஆய்வாளர்கள் கயிற்றுக்கு வெளியே உப்புக்கொத்தி முட்டைக்குப் பதிலாகக் காடை முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் மிதிபடும் வாய்ப்பு 8 சதவீதம். எட்டுதானே என்று தோன்றும். அடைகாப்பது சுமார் 4 வாரம். மிஞ்சுகிறதில் நாளுக்கு எட்டு சதவீதம் கழித்துக்கொண்டே போங்கள், பத்துக் கூட்டில் ஒன்றுதான் மிஞ்சும். அந்த முட்டைகளை மிதித்தவர்களும் உங்களைப்போலக் குப்பை போடாத, சத்தம் போடாத நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள்.

அதனால்தான் ‘நாலு பேர்’ என்ற உங்கள் வார்த்தையோடு எனக்குச் சண்டை. உங்களுக்கு நீங்கள் நாலு பேர். காலையிலிருந்து இருபதாவது முறை எழுந்து ஓடுகிற பறவைக்கு நீங்கள் இருபத்தோராவது முறை.

‘ஓரமாக’ என்பது அதைவிட மோசம். புல்லும் பாசியும் இருக்கிற மண்ணில் பெரும்பாலான சேதத்தைச் செய்வது முதலில் விழும் காலடிகள்தான். ஏற்கெனவே தேய்ந்த பாதையில் இன்னும் நூறு பேர் நடந்தாலும் கெடுவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. சேற்றுக்குப் பயந்து ஓரத்தில் கால் வைக்கும்போது பாதை ஒரு சாண் அகலமாகிறது. அடுத்தவர் அதற்கும் வெளியே போகிறார். சேறானாலும் நடுவில் நடங்கள். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

பொதுமக்கள் பணம் என்பது நியாயமான பேச்சு. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையை உண்டாக்கிய 1916-ஆம் ஆண்டுச் சட்டமும் மக்கள் அனுபவிப்பதைச் சொல்கிறது. கூடவே, பின்வரும் தலைமுறைகளும் அனுபவிக்கும்படி கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அவர்கள் பங்கையும் சேர்த்துச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

நிர்வாகத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ‘உள்ளே வராதீர்’ என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போவது வேலையைத் தட்டிக்கழிப்பது. எந்தப் பறவை, எத்தனை நாள், வேறு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். புதிதாகப் பாதை போடும்போதே கூடு வைக்கும் இடத்தை விட்டு விளிம்போடு கொண்டுபோயிருந்தால் பாதி இடத்தில் கயிறே தேவைப்பட்டிருக்காது.

அதனால் அவர்களிடம் கயிறு அவிழ்க்கும் தேதியைக் கேளுங்கள். உப்புக்கொத்திக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் பள்ளத்தை விட்டு நடக்கத் தொடங்கிவிடும், ஆனால் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கடைசிக் குஞ்சு பறக்கும் வரை கயிறு இருக்கட்டும். பறந்த பிறகும் அவிழ்க்காமல் விட்டால் எனக்கு எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் கேட்கிறேன்.