ஜெனரல் படமா? முதலில் தோள்பட்டையைப் பாருங்கள்

கேள்வி: முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் அதிகாரி ஒருவரின் பழைய படம் இணைய ஏலத்தில் வந்திருக்கிறது. ‘ஜெனரல், கிராஃப் பட்டமுள்ள பிரபு, கழுத்தில் ஜெர்மனியின் பிரஷ்ய அரசு தந்த உயரிய இராணுவ விருதான பூர் லே மெரிட்’ என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார்கள். தோளில் நேரான பட்டை, அதில் இரண்டு நட்சத்திரம். பொத்தான் துளையில் நாடா, கழுத்தில் எட்டு முனைச் சிலுவை. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களே விற்பவரின் பேச்சை மறுக்கின்றன. அந்த இராணுவத்தில் நேரான பட்டையில் இரண்டு நட்சத்திரம் என்றால் ஹாப்ட்மன், அதாவது கேப்டன். ஜெனரலின் தோள்பட்டை பொன்னும் வெள்ளியுமாகப் பின்னியிருக்கும். அதிலும் இரண்டு நட்சத்திரம் வருவதுண்டு, குழப்பம் அங்கேதான். ஆகவே எண்ணிக்கையை விடப் பின்னலைக் கவனியுங்கள்.

கேப்டன் என்பதாலேயே பூர் லே மெரிட் இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் 1917 ஜனவரியில் அதைப் பெற்றபோது லெப்டினன்ட்தான். ஆனால் யோஹனிட்டர் என்ற பிரபுக்கள் சங்கத்தின் சிலுவைக்கும் எட்டு முனைகள், இடையிடையே கழுகுகள், அணிவதும் கழுத்தில். பூர் லே மெரிட் நீலம், யோஹனிட்டர் வெள்ளை. அந்தக் காலத்து ஃபிலிமில் நீலம் வெளிறித் தெரியும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. சிலுவைக் கைகளில் எழுத்து இருக்கிறதா, நாடாவின் ஓரத்தில் வெள்ளிக் கோடு ஓடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் இருந்தால் பூர் லே மெரிட். எழுத்தில்லாமல் நாடா முழுக்கக் கறுப்பாக இருந்தால் யோஹனிட்டர். அந்தச் சங்கத்தில் பிரபுக்களே சேர முடிந்ததால் ‘கிராஃப்’ உண்மையாகவும் இருக்கலாம். விலை ஏற அது போதாது.

பொத்தான் துளை நாடா கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் அநேகமாக இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. போரில் சுமார் 50 லட்சம் பேருக்குக் கொடுத்தார்கள். அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

படத்தின் தேதியையும் விருதோடு ஒட்டிப் பாருங்கள். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு பூர் லே மெரிட் 1918இல்தான் கிடைத்தது. அவர் அதை அணிந்திருக்கும் படத்தை ‘1914’ என்று விற்றால் தேதி பொய்.

பட்டங்களில் எனக்குப் பிடித்த துப்பு, ஜெர்மன் அரசுகளில் இன்னொன்றான பவேரியாவின் ‘ரிட்டர் ஃபான்’ என்ற வீரர் பட்டம். அந்த அரசின் மாக்ஸ் யோசப் இராணுவ விருது பெற்ற சாதாரணக் குடும்பத்தவருக்கு அந்த ஒட்டு சேரும். பவேரிய அதிகாரி வில்ஹெல்ம் லேப், ரிட்டர் ஃபான் லேப் ஆனது அப்படித்தான். பெயரில் அது இருந்தால் விருதாளர் பட்டியலில் தேடலாம். பவேரியக் கோப்புகள் மியூனிக்கில் பெரும்பாலும் தப்பின. பிரஷ்ய இராணுவக் கோப்புகளில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் எரிந்துபோனதால், பிரஷ்யர் என்றால் அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலே கதி. 1914 பட்டியலில் படைப்பிரிவும் விருதுகளும் இருக்கும்.

விற்பவரிடம் கழுத்து, தோள், படத்தின் பின்பக்கம் மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து கேளுங்கள். மறுத்தால், பெயர் தெரியாத கேப்டன் படத்துக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லுங்கள்.