முதலில் ராடு, பெஞ்ச் அப்புறம்: வீட்டு ஜிம் பற்றிச் சேலத்துக் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எடை தூக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. கடைசிப் பன்னிரண்டு வருடமாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் என் ஜிம். கோச் சான்றிதழ் எதுவும் கிடையாது. இரும்பைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் கோளாறு என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. 50 கிலோ பிளேட், நாலு ராடு, மடக்கு பெஞ்ச், கையுறை, ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் சேர்ந்த ஒரு செட் ஆன்லைனில் வருகிறது. வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த பிளேட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் கலவை அடைத்தவை. எடை என்னவோ சரியாகத்தான் இருக்கும், தொந்தரவு பருமனில். ஒரு லிட்டர் அளவு கான்கிரீட் சுமார் 2.4 கிலோ வரும். அதே அளவு வார்ப்பிரும்பு ஏழு கிலோவுக்கு மேல். அதனால் சிமெண்ட் பிளேட் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். ராடு முனையில் பக்கத்துக்கு மூன்று போட்டதுமே இடம் தீர்ந்துவிடும். உங்கள் பலம் தீர்ந்திருக்காது. இரண்டாம் வருடம் என்னுடைய பிளேட் ஒன்று தையல் விட்டு, முன்னறை முழுக்கச் சிமெண்ட் தூள். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு நான் வாங்குவதாக இருந்தால், ஐந்தடி நேர் ராடு ஒன்று, டம்பல்ஸ் ராடு இரண்டு, பிளேட் நழுவாமல் பிடிக்கும் நல்ல லாக், மீதி எல்லாம் வார்ப்பிரும்பு பிளேட். 10 கிலோவில் இரண்டு, 5 கிலோவில் நாலு, 2.5 கிலோவில் நாலு. மொத்தம் 50 கிலோ. சின்ன பிளேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தலைக்கு மேல் தூக்குவதில் ஒரே தாவலில் பத்து கிலோ கூட்ட யாராலும் முடியாது, 2.5 கிலோவில் இரண்டு சேர்த்து ஐந்து கூட்டவே சிரமமாக இருக்கும். முடிந்தால் 1.25 கிலோ ஜோடி ஒன்றும் வாங்குங்கள்.

பெஞ்ச் இப்போது வேண்டாம். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது), குனிந்து இழுப்பது, நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது, தரையில் படுத்து அழுத்துவது, இத்தனையும் பெஞ்ச் இல்லாமலே நடக்கும். டெட்லிஃப்டுக்கு மட்டும் ஒரு விஷயம். போட்டிகளில் பெரிய பிளேட் 45 செ.மீ. விட்டம் இருக்கும், அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் சின்ன பிளேட்டில் ராடு கணுக்கால் அருகே கிடக்கும், முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பலகைகளை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், ஒருநாள் உடையும்.

சூரமங்கலத்திலிருந்து: ஒரு இஞ்ச் ராடு வாங்கினால் பிறகு மாற்ற வேண்டி வருமா? ஒலிம்பிக் ராடு எவ்வளவு வித்தியாசம்?

உண்மையில் இது பிளேட்டின் துளையைப் பற்றிய கேள்வி. முதல் நாளில் எந்தத் துளையைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அடுத்த பத்து வருடம் வாங்கும் ஒவ்வொரு பிளேட்டும் அந்தத் துளைக்குக் கட்டுப்பட்டது. ஒலிம்பிக் ராடு என்றால் பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. ஆண்கள் ராடு 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ, பிடி 28 மி.மீ. பெண்களுக்கானது 15 கிலோ, 25 மி.மீ. முனை தனியாகச் சுழலும், அதனால் தூக்கும்போது பிளேட்டின் திருகல் மணிக்கட்டுக்கு வராது.

கடைக்காரர் 'ஒரு இஞ்ச்' என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பிளேட்டில் துளை 26 மி.மீ. இருக்கும், இன்னொன்றில் 30 இருக்கும். என்னிடம் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது, நான் அளந்துதான் வாங்குவேன். உங்களிடம் இல்லையென்றால் உங்கள் ராடையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கணக்கு இது. 60, 70 கிலோவுக்குள் நிற்கப்போகிறவருக்கு ஒரு இஞ்ச் போதும். ஸ்குவாட்டில் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) நூறு கிலோவைத் தாண்ட ஆசை இருந்தால், ஆறு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து நேராக ஒலிம்பிக்குக்குப் போய்விடுங்கள். சாதா இரும்பில் செய்த மெல்லிய ராடு அந்த எடையில் வளையும், வளைந்தது நிமிராது. இன்னொன்று, ஐந்தடி ராடு பெரும்பாலான ஸ்குவாட் ஸ்டாண்டில் உட்காராது. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே இருக்கும் அகலத்தை அளந்து பார்த்தால் ஏனென்று தெரியும். அறையையும் அளந்துகொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அறையில் 2.2 மீட்டர் ராடை நடுவில் வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை அடிகூட மிஞ்சாது. பிளேட் மாற்ற நண்டு மாதிரி நடக்க வேண்டும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: நீங்களே லேத்தில் ராடு கடைந்து கொடுப்பீர்களா? சேலம் இரும்பு ஊர்தானே!

இரும்பு ஊர்தான், மறுக்கவில்லை. கஞ்சமலை அடிவாரத்து ஸ்டீல் பிளான்ட் செய்வது ஸ்டெயின்லெஸ் தகடு, நம் ராடுக்கு அது உதவாது. டம்பல்ஸ் ராடு கடைந்து தருகிறேன், பிடி வழுக்காமல் இருக்க நர்லிங் என்கிற சொரசொரப்பும் போட்டுத் தருகிறேன். ஏழடி ராடு செய்ய மாட்டேன். நீளமும் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் இரும்பின் குணம். நல்ல ராடு வளைந்து மறுபடி நேராக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதா கம்பிக்கு அந்தக் குணம் கிடையாது. கட்டடத்து முறுக்குக் கம்பியை ராடாக வைத்துக்கொண்டு தூக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை கிழியும்.

மேஸ்திரிகளின் கணக்கு ஒன்று இங்கே உதவும். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 25 மி.மீ. கம்பிக்கு 3.86 கிலோ. ஐந்தடி ராடு கிட்டத்தட்ட 5.9 கிலோ. 'ராடு பத்து கிலோ' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

பெஞ்சும் ஸ்டாண்டும் மட்டும் தாராளமாக உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யலாம். பவர்லிஃப்டிங் போட்டி பெஞ்ச் 42 முதல் 45 செ.மீ. உயரம், 29 முதல் 32 செ.மீ. அகலம், நீளம் குறைந்தது 1.22 மீட்டர். இந்த அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் டீக்கடை பெஞ்ச் அகலத்துக்குச் செய்துவிடுவார்கள், தோள்பட்டை அசையாது. ஸ்டாண்டின் இரண்டு கால்களையும் கீழே குறுக்குச் சட்டத்தால் இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக நிற்கும் கால் சாயும்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா: எனக்கு 44 வயது. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்கிறது. முழங்காலும் லேசாக வலிக்கும். எனக்கு ராடு தேவையா, டம்பல்ஸ் போதுமா?

அக்கா, முழங்காலை முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் சரி என்றால் இரண்டு டம்பல்ஸ் ராடும் 1, 2, 2.5 கிலோ பிளேட்டுகளும் போதும். ஐந்து கிலோ என்று நிரந்தரமாக வார்த்த டம்பல்ஸ் வேண்டாம், இரண்டு மாதத்தில் அது கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள், முதலில் வெறுங்கையோடு. 'பெண்களுக்கு எதுக்கு இரும்பு' என்று வீட்டில் யாராவது கேட்டால் மீராபாய் சானுவைச் சொல்லுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் போட்டியின் இரண்டு தூக்கும் முறைகளிலும் சேர்த்து 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியவர்.

ஏற்காட்டிலிருந்து: மலையில் எல்லாமே துருப்பிடிக்கிறது சார். ராடு ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனால் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊர், துரு வராமல் இருக்குமா? தேங்காய் எண்ணெயை விடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து பிசுக்காக நிற்கும், தூசியையும் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். நைலான் பிரஷால் துருவைத் தேய்த்து, துணியில் சில சொட்டு விட்டு மெல்லியதாகத் தடவி, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். கை வழுக்கக் கூடாது. வியர்வையோடு ராடை அப்படியே போட்டுவிட்டுப் போகிற பழக்கத்தை நிறுத்தினாலே பாதி துரு குறையும். பிளேட்டுக்குச் சுலபம்: சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே கறுப்பு எனாமல். ராடைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கவைத்து, ஈரத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

ஐந்து ரோட்டிலிருந்து: முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தளம் தாங்குமா?

இந்தியத் தரப்படி வீட்டு அறைகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். நீங்களும் உங்கள் ராடும் நிற்பதால் ஒன்றும் ஆகாது. கீழே போடுவதுதான் பிரச்சினை, தளத்துக்கும் சரி, கீழ்வீட்டு ஆட்களுக்கும் சரி. ஜிம் மேட் விலை கேட்டு மலைக்காதீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் போடும் தடித்த ரப்பர் மேட் வாங்கி விரியுங்கள். மாடே நிற்கிறது, பிளேட்டுக்கு என்ன? புது மேட் நாறும், ஒரு வாரம் வெயிலில் போட்டு எடுங்கள். மாடியில் இருக்கும்வரை எடையை மெதுவாக இறக்குங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு அப்பா: என் பையனுக்கு 14. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காது. சரியான முறையில், பெரியவர் பக்கத்தில் இருந்து பார்க்க, குறைந்த எடையில் செய்தால் வளர்ச்சி பாதிப்பதில்லை. முதல் மாதம் துடைப்பக் கட்டையை வைத்துப் பழகட்டும். உங்களுக்குத் தெரியாமல் நண்பர்களோடு போட்டி போட்டுத் தூக்குவதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓமலூரிலிருந்து: தனியாகத்தான் பயிற்சி செய்கிறேன். பெஞ்சில் படுத்து ராடை மேலே அழுத்தும் பெஞ்ச் பிரஸில், ராடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால்?

லாக் போடாமல் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்தால் பிளேட் சரிந்து விழும், தப்பிக்கலாம். சத்தம் வரும், வரட்டும். பெஞ்ச் பிரஸில் மட்டும்தான் இந்த வழி. மற்ற எதற்கும் லாக் கட்டாயம். ஸ்குவாட்டுக்கு இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே குறுக்குக் கம்பி இருக்கிற ஸ்டாண்ட் வரும்வரை எடையைக் கூட்டாதீர்கள்.

அதே ஓமலூர் தம்பி: கைக்குப் போடும் வெள்ளைப் பொடி என்ன? விபூதி மாதிரி இருக்கிறது.

மக்னீசியம் கார்பனேட். நம் ஊர்ச் சுரங்கத்து வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) வேதியியல்படி அதேதான்! அதற்காகச் சுரங்கத்துப் பக்கம் போய் அள்ளிவராதீர்கள். அதில் வேறு கல்தூளும் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. கடையில் சின்னக் கட்டியாக வாங்கினால் ஒரு வருடம் வரும்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: ஒரு ஜிம்மை மூடுகிறார்கள், சாமான் மொத்தமாக விற்பனைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க?

மெஷின் பக்கமே போகாதீர்கள், பிளேட்டும் ராடும் மட்டும் பாருங்கள். பிளேட்டின் மேல் எழுதியிருக்கும் எடையை விட்டுவிட்டு, தராசில் வைத்து வாங்குங்கள். கிலோ கணக்கில் பேசினால் இரண்டு பேருக்கும் நல்லது. மேலே படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம், வெடிப்பு இருக்கிறதா என்று துளையைச் சுற்றிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். வெடித்த வார்ப்பிரும்பு மணி மாதிரி ஒலிக்காது, சத்தென்று அடங்கும்.

ராடைச் சமதளத்தில் உருட்டுங்கள். நடு தூக்கித் தூக்கி உருண்டால் வளைந்திருக்கிறது, வேண்டாம். துளை சின்னதாக இருக்கும் பிளேட் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். நடுவில் சதை போதுமான அளவு இருந்தால் லேத்தில் பெரிதாக்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்றைக்குப் பட்டறை லீவு.