பீரோவுக்குள்ள கேமரா எதுக்கு?

நாகர்கோவில்லேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, வயசு 44. சீட்டு எடுத்த பணத்துல செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கி ஒன்றரை வருஷமா படம் எடுக்கறாங்களாம். "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம், மாமியாரையும் பிளஸ் டூ படிக்கற பொண்ணையும் கவனிக்க வேண்டிய நேரத்துல இது சுயநலமில்லையா, கொஞ்ச நாளா படமும் மங்கலா வருது, மனசு விட்டுப் போச்சு போல, வித்துடட்டுமா?"ன்னு கேக்கறாங்க.

நாலு பக்க லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. "கேமராவ பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில அந்துருண்டையோட வச்சிருக்கேன், சாவி எங்கன்னு பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும்." நாம இத மட்டும் பேசுவோம்.

மனசு விட்டுப்போனா படம் மங்காதும்மா. லென்ஸ கழட்டி செல்ஃபோன் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி நூலாட்டம் கிளை கிளையா தெரிஞ்சா அது பங்கஸ், பூஞ்சை. ரெண்டு மழையும் கொட்டற ஊர்ல, காத்தும் வெளிச்சமும் புகாத பீரோவுல, புடவைக்கடியில பொத்தி வச்சா பிடிக்காம என்ன செய்யும், அப்படியே விட்டா கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கையே அரிச்சுடும். அந்துருண்டையும் ஆகாது, மேனுவல்லயே கிட்ட வைக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க. உடனே சர்வீஸ்ல குடுங்க. திரும்பி வந்ததும் மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் மணி, அந்த நீல மணி பிங்க் ஆனா மாத்திடுங்க. டப்பா ஹால்ல டிவி பக்கத்துல இருக்கணும், பீரோவுல இல்ல.

சரி, எதுக்கு ஒளிச்சீங்க? "அவர் என்ன சொல்வாரோ"ன்னு எழுதறீங்க, அப்போ ஒன்றரை வருஷமா அவர்கிட்ட கேக்கவே இல்ல. கேக்காமலே அவர வில்லனாக்கிட்டீங்க. கோயிலுக்குன்னு சொல்லிட்டு தோவாளை பூச்சந்தைக்குப் போறீங்க. இதெல்லாத்தையும் விட எனக்கு கோவம் வர்றது அந்தச் சாவி விஷயம்தான். அப்பாகிட்ட சொல்லாதன்னு பொண்ண காவலுக்கு வச்சிருக்கீங்க, அம்மாவோட சந்தோஷம்னா பூட்டி வைக்க வேண்டிய சாமான்னு அந்தப் புள்ள தினம் தினம் கத்துக்குது, நாளைக்கு அவளும் எதையாவது இப்படித்தான் பூட்டி வைப்பா.

விவியன் மேயர்னு ஒருத்தங்க, சிகாகோவுல வீட்டோட தங்கி பிள்ளைங்கள பாத்துக்கற வேலை. ஒரு லட்சத்துக்கு மேல படம் எடுத்துட்டு யார்கிட்டயும் பெருசா காட்டல. 2007ல குடோன் வாடகை பாக்கிக்காக அதுல இருந்த அவங்க சாமான ஏலம் விட்டப்போதான் படங்கள் வெளிய வந்துச்சு, 2009ல இறந்துட்டாங்க. நெறைய பிலிம் ரோல் கழுவாமலே கிடந்துச்சு, எடுத்தவங்களே பாக்காத படம்! ஊரே அத அதிசயமா பேசுது, எனக்கு நெனச்சாலே வயித்தெரிச்சல்.

மாமியாரைப் பாத்துக்கறது உங்க கடமை, அத விட்டுட்டு உங்களுக்காக வாழுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அவங்க உங்க வீட்டுக்காரரைப் பெத்தவங்க. வாரத்துல ஒரு நாள் காலை மாத்திரைய அவர் எடுத்துக் குடுக்கட்டும், அதுவும் கடமைதான்.

பிரயோஜனம் என்னன்னு கேட்ட அதே லெட்டர்ல, டியூப்லைட் வெளிச்சத்துல ஒரு பாட்டி வாழை நாரை வாயில கவ்விக்கிட்டே பிச்சிப்பூ கட்டினத அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க, நாருல சொட்டின தண்ணி, நகக்கண்ணுல ஒட்டின பச்சைன்னு. அந்த அரைப் பக்கத்துல எங்கயாவது பிரயோஜனத்தப் பத்தி கவலைப்பட்டீங்களா? அந்தப் படத்த ரெண்டு பிரிண்ட் போடுங்க. ஒண்ண வீட்டுக்காரர் கையில குடுத்து எல்லாத்தையும் சொல்லிடுங்க, திட்டினா வாங்கிக்குங்க, பொய் சொன்னதுக்கு அது வேணும். இன்னொண்ணு அந்தப் பாட்டிக்கு. அத குடுக்கப் போறப்போ பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க.