ஒரே பெரிய மானிட்டரா, இரண்டு சின்னதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை. டேலி, எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல் மூன்றும் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். இப்போது இருப்பது பழைய 19 இன்ச் மானிட்டர். 24 இன்ச்சில் இரண்டு வாங்கலாம் என்று போனால், “அந்தக் காசுக்கு 32 இன்ச்சில் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது?
- கணக்காளர், ஈரோடு

பதில்: அந்த 32 இன்ச் மானிட்டரின் ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல், அதாவது ஒளிப்புள்ளி) என்ன என்று முதலில் கேளுங்கள். விலை குறைந்த 32 இன்ச் மாடல்களில் பலவும் 1920×1080தான். 24 இன்ச் மானிட்டரிலும் அதே 1920×1080. ஆக, திரை பெரிதானாலும் எக்செலில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. இருக்கிற எழுத்தே ஊதிப் பெரிதாகும், அவ்வளவுதான். 24 இன்ச்சில் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல் இருக்கும். 32 இன்ச்சில் அது 69 ஆகக் குறைந்துவிடும். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும்.

32 இன்ச்சிலேயே 2560×1440 எடுத்தால்? மொத்தம் சுமார் 36.9 லட்சம் பிக்சல். இரண்டு 24 இன்ச் சேர்ந்தால் 41.5 லட்சம். 4கே (3840×2160) எடுத்தால் 83 லட்சம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 100% அளவில் எழுத்து பொடியாக இருக்கும் என்பதால் பெரும்பாலோர் விண்டோஸில் ஸ்கேலிங்கை 150% ஆக்கிவிடுவார்கள். அப்போது வேலை செய்யக் கிடைக்கும் இடம் மறுபடியும் 2560×1440 அளவுதான். எழுத்து மட்டும் கூர்மையாக இருக்கும்.

உங்கள் வேலைக்கு இரண்டு 24 இன்ச்தான் சரி. ஜிஎஸ்டிஆர்-2பி ஷீட்டையும் (விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து போர்ட்டல் தரும் கொள்முதல் விவரம்) டேலியின் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும்போது இரண்டுமே முழு அகலத்தில் தெரிய வேண்டும். 1920 பிக்சல் அகலத்தில், எக்செலின் இயல்பான நெடுவரிசை அகலத்தில், ஏறக்குறைய 29 நெடுவரிசைகள் தெரியும். ஆல்ட்-டேப் அழுத்தி மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான், மனதில் பிடித்து வைத்த இன்வாய்ஸ் எண்ணில் ஒரு இலக்கம் தவறிப்போகும். இன்னொரு விஷயம்: எக்செல் 2010 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால், இரண்டு எக்செல் ஃபைல்களைத் திறந்தாலும் ஒரே விண்டோவுக்குள்தான் வரும். ஆளுக்கொரு மானிட்டரில் வைக்க 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டையும் சமமாக வைத்து, நடுவில் உள்ள விளிம்பு மூக்குக்கு நேராக வரும்படி உட்கார்ந்தால் நாள் முழுவதும் கழுத்து ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அதிகம் பார்ப்பதை நேர் எதிரே வையுங்கள். மற்றதை அதன் விளிம்போடு ஒட்டி, சுமார் 30 டிகிரி உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். இரண்டும் சேர்ந்து 108 செ.மீ. அளவுக்கு இடம் பிடிக்கும். 4 அடி மேசை போதும். ஒரே மாடலில் இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள். உயரம் வேறுபட்டால் மவுஸ் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது விளிம்பில் முட்டி நிற்கும். அப்படி நின்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் தெரியும் 1, 2 என்ற பெட்டிகளை இழுத்து, நிஜத்தில் இருக்கிற உயரத்துக்குச் சமமாக வைத்தால் சரியாகிவிடும்.

மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டுப் பொருத்தும் கை போன்ற ஸ்டாண்டில் (மானிட்டர் ஆர்ம்) மாட்டும் எண்ணம் இருந்தால், பின்புறம் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். சில மலிவு மாடல்களில் இருக்காது. பார்ட்டிகிள் போர்டு மேசை என்றால் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் அடியிலும் மேலேயும் ஒவ்வோர் இரும்புத் தகடு வையுங்கள். இல்லாவிட்டால் பலகை நசுங்கிவிடும். கண்ணாடி மேசையில் கிளாம்ப் மாட்டவே கூடாது.

பெரிய மானிட்டருக்கு வரி அதிகம் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். 32 இன்ச்சுக்கு மேற்பட்டதற்கு இருந்த 28% ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகிவிட்டது.

கேள்வி: காலண்டர், அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறேன். 43 இன்ச் 4கே ஒன்று வாங்கினால் நான்கு மானிட்டருக்குச் சமம் என்கிறார்கள். அதுவா, 27 இன்ச்சில் இரண்டா?
- டிசைனர், சிவகாசி

பதில்: நான்குக்குச் சமம் என்பது பிக்சல் கணக்கில் சரி. 1920×1080 மானிட்டர் நான்கை நடுவில் விளிம்பே இல்லாமல் ஒட்டியது போலத்தான். ஆனால் அதன் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ. நீங்கள் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் திரையின் நடு 60 செ.மீ. தூரத்தில் இருக்கும், இடது, வலது ஓரங்கள் 76 செ.மீ. தூரத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை ஓரத்துக்குப் போகும்போதும் கண் ஃபோகஸை மாற்ற வேண்டும். மேல் மூலையில் மெனு இருந்தால் தலையையும் தூக்க வேண்டும். இந்த அளவில் விஏ என்ற வகைப் பேனல்கள் (திரைப் பலகைகள்) நிறைய வருகின்றன. அவற்றைச் சாய்கோணத்தில் பார்த்தால் நிறம் வெளிறும். நடுவில் அடர்ந்து தெரியும் குங்குமச் சிவப்பு மூலையில் வேறு சிவப்பாகத் தெரிந்தால் அச்சுக்கு எதை நம்புவது?

எங்கள் பரிந்துரை இரண்டும் இல்லை. சாய்கோணத்திலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைப் பேனலில், நல்ல 27 இன்ச் 4கே ஒன்றை நேர் எதிரே வையுங்கள். லேயர், பேலட், மின்னஞ்சல், வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரி இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண 22 அல்லது 24 இன்ச் போதும். 27 இன்ச் திரை 59.8 × 33.6 செ.மீ. அதில் ஒரு ஏ3 தாள் படுக்கைவாட்டில், 42 × 29.7 செ.மீ. என்ற நிஜ அளவிலேயே அடங்கும். மேலே மெனுவுக்கு 4 செ.மீ., பக்கத்தில் பேலட்டுக்கு 17 செ.மீ. மிஞ்சும். நிஜ அளவுதானா என்று தெரிய, திரைமேல் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து, மென்பொருளின் ஜூமைச் சரிசெய்யுங்கள். பெட்டியின் மடிப்புக் கோட்டருகே எழுத்து எவ்வளவு பொடியாக விழும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

நிறத்தை எப்போதும் அந்த ஒரு திரையில் மட்டும் முடிவு செய்யுங்கள். இரண்டு திரைகளின் நிறத்தை ஒன்றாக்க முயன்று நாளை வீணாக்க வேண்டாம். மானிட்டர் மெனுவில் நிற வெப்பநிலையை (கலர் டெம்பரேச்சர்) 6500கே ஆகத் தேர்ந்தெடுத்து, வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்குபோல ஒளிராமல் தாள்போலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். “திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கிவிட்டது” என்ற புகார்களில் பெரும்பங்கு, பிரைட்னஸ் 100இல் கிடப்பதால் வருவது. துல்லியம் வேண்டுமென்றால் திரையின் நிறத்தை அளக்கும் காலிபரேட்டர் கருவியை வைத்தே அளக்க வேண்டும்.

சின்ன மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைப்பதாக இருந்தால் அது டிஎன் என்ற வகைப் பேனலா என்று பாருங்கள். டிஎன் பேனலைத் திருப்பினால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும்.

கேள்வி: லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யுஎஸ்பி-சி இருக்கிறது. இரண்டு மானிட்டர் வாங்கியும் ஒன்றில்தான் படம் வருகிறது. மானிட்டரில் கோளாறா?
- மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: கேபிளை மாற்றிப் போட்டு, இரண்டு மானிட்டரும் தனித்தனியாக எச்டிஎம்ஐயில் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். செய்தால் சந்தேகம் யுஎஸ்பி-சி மேல். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. சில சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும். துளையருகே டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லையென்றால் மாடலின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். துளை சரியாக இருந்தும் படம் வராவிட்டால் விண்டோஸ் கீ + பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள்.

இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல எம்எஸ்டி முறையில் (இரண்டு திரைகளுக்கான படத்தையும் ஒரே கேபிளில் அனுப்பும் முறை) இயங்குபவை. விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு தனித் திரைகள் கிடைக்கும். மேக்கில் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்3 ஏர், லேப்டாப் மூடியை மூடினால் இரண்டை ஏற்கும். எம்4 ஏர் திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக்கும் (ஹப் போன்ற இணைப்புப் பெட்டி) அதன் டிரைவர் மென்பொருளும் வேண்டும். எழுத்து வேலைக்கு அது தாராளம். வீடியோ எடிட்டிங்குக்கு வேண்டாம்.

கேள்வி: மானிட்டருக்குப் பதில் 43 இன்ச் டிவி மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
- மாணவர், திருச்சி

பதில்: படம் பார்க்கலாம். எழுத்து படிக்க வேண்டுமென்றால் இரண்டு சோதனை செய்யாமல் வாங்காதீர்கள். கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் இணைத்து, வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் திறந்து பாருங்கள். ஓரம் கசிந்து தெரிந்தால் டிவி நிறத் தகவலைக் குறைத்து வாங்குகிறது என்று அர்த்தம். டிவியில் அந்த இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் சில மாடல்களில் 4:4:4, அதாவது குறைக்கப்படாத முழு நிறத் தகவல் கிடைத்து எழுத்து தெளிவாகும். அடுத்து, மவுஸை வேகமாக நகர்த்துங்கள். விட்டு விட்டு நகர்ந்தால் 4கே 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 முறை மட்டும் படம் மாறும் வேகத்தில்) ஓடுகிறது. பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டின் எல்லை அதுதான். 60 ஹெர்ட்ஸுக்கு லேப்டாப், டிவி இரண்டிலும் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அதற்கேற்ற கேபிளும் வேண்டும்.

கேள்வி: 34 இன்ச் அல்ட்ராவைடு (வழக்கத்தைவிட அகலமான மானிட்டர்) வாங்கினேன். வீடியோ மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தால் “எழுத்தே தெரியவில்லை” என்கிறார்கள்.
- பயிற்சியாளர், கோவை

பதில்: உங்கள் 3440×1440 திரை எதிரே இருப்பவரின் 14 இன்ச் லேப்டாப்பில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. முழுத் திரையைப் பகிராமல் ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள். அந்த விண்டோவை 1920×1080 அளவுக்குச் சுருக்கி வையுங்கள். மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிஸோன்ஸில் நடுவில் அந்த அளவுக்கு ஒரு கட்டம் வரைந்துவிட்டால், ஷிஃப்ட் அழுத்தி இழுத்ததும் விண்டோ அதில் போய் உட்காரும். பயிற்சி தினமும் உண்டென்றால் பழைய மானிட்டர் ஒன்றைப் பகிர்வதற்கென்றே பக்கத்தில் வைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

கேள்வி: புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். 32 இன்ச் வந்த பிறகு பிடரி வலிக்கிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: உங்கள் கண்ணாடியில் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது. திரையின் மேல்பகுதியைப் படிக்க முகவாயைத் தூக்குகிறீர்கள். வலி அதனால்தான் இருக்க வேண்டும். மானிட்டரை ஸ்டாண்டில் எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கி, மேல்புறத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். படிக்கும் விண்டோவைத் திரையின் கீழ்ப் பாதியில் வையுங்கள். அதன் பிறகும் வலித்தால், திரையிலிருந்து கண் வரை டேப் வைத்து அளந்து அந்த செ.மீ. கணக்கைக் கண் மருத்துவரிடம் சொல்லி, கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள்.