டெத் வேலிக்கு வாடகை ஆர்.வி.யில் போகலாமா? எல்லையோர ஊர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கலிபோர்னியாவில் இருக்கிறார் என்றால் அது மிகை. தெருவுக்கு ஒருவர் என்றால் நம்பலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கெல்லாம் இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது: படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து அங்கே தேசியப் பூங்காவாக இருக்கும் டெத் வேலிப் பாலைவனத்தில் தங்க வேண்டும். லாஸ் வேகாஸில் அப்படி வண்டி வாடகைக்கு விடும் இடமொன்றில் சாவி கொடுப்பதும், திரும்பி வரும் வண்டியைச் சோதித்து வாங்குவதும்தான் என் வேலையாக இருந்தது. இப்போது ஊரில் தென்னந்தோப்பு. வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

வேலந்தாவளம், பள்ளி ஆசிரியை: எங்களுக்கு லீவே ஏப்ரல், மே மாதம்தான். தம்பி சான் ஹோசேயில் இருக்கிறான். மே கடைசியில் இரண்டு ராத்திரி டெத் வேலியில் தங்கலாமா? வண்டியில் ஏ.சி. இருக்கிறதே?

பதில்: வேண்டாம் டீச்சர். மே மாதச் சராசரி உச்ச வெப்பமே அங்கே 38 டிகிரி, ஜூனில் 43, ஜூலையில் 47. ஃபர்னஸ் கிரீக் என்ற இடத்தில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலக உச்சமாகக் கணக்கில் இருக்கிறது. "பாலக்காட்டு வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் என்ன" என்று சொல்லாதவர் இல்லை. நம் ஊரில் வியர்த்து ஊற்றும், உடனே தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த இடம் தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை நனையாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். தலைவலி வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே புரியும்.

ஏ.சி.க்கு வருவோம். கூரையில் இருக்கும் அந்த ஏ.சி. வண்டியின் பேட்டரியில் ஓடாது. ஒன்று ஜெனரேட்டர் ஓட வேண்டும், இல்லை வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் வெளி மின்சாரம் கொடுக்கும் ஹூக்கப் இருக்க வேண்டும். ஃபர்னஸ் கிரீக் முகாமில் ஜெனரேட்டரைக் காலை 7 முதல் மாலை 7 வரைதான் ஓட்டலாம். ஜூலையில் இரவின் சராசரித் தாழ்வே 31 டிகிரி. பகல் முழுக்கக் காய்ந்த தகரப் பெட்டிக்குள் ஏ.சி. இல்லாமல் படுத்துப் பாருங்கள், தெரியும். பல வாடகை நிறுவனங்கள் கோடை மாதங்களில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு முழுக்க உங்கள் தலையில்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போங்கள். டிசம்பரில் பகல் 18 டிகிரி, இரவு 3 வரை இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். லீவு கிடைப்பவர்களுக்கு நவம்பரும் பிப்ரவரியும்தான் சுகம்.

கொழிஞ்சாம்பாறை, ஐ.டி. வேலைத் தம்பி: அண்ணா, எந்த வரிசையில் திட்டம் போடுவது? முதலில் வண்டியா, டிக்கெட்டா?

பதில்: முதலில் பிளக் பாயின்ட், தம்பி. ஹூக்கப் உள்ள இடம் எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அதுதான் உன் பயணத் தேதி. வண்டி அதற்கப்புறம். ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள இடங்கள் 18தான். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முன்பதிவு உண்டு. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பே, அங்கே காலை 7 மணிக்குத் திறக்கும். நவம்பருக்கு மே மாதம் பதிய வேண்டும்; அப்போது நம் கடிகாரத்தில் மாலை 7.30. கணக்கை முன்னாலேயே தொடங்கி, கார்டு விவரத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு உட்கார். அங்கே கிடைக்காவிட்டால் ஸ்டவ்பைப் வெல்ஸில் தனியார் நடத்தும் ஆர்.வி. பார்க்கைப் பார். டெக்சாஸ் ஸ்பிரிங்ஸ் முகாம் பார்க்க அழகு, ஆனால் அங்கே ஜெனரேட்டரே கூடாது. சன்செட் முகாம் பெரிய பார்க்கிங் மைதானம் மாதிரிதான். கடைசி வழியாக வைத்துக்கொள்.

கோபாலபுரம், லாரி வைத்திருப்பவர்: முப்பது அடி வண்டி எடுத்தால் எட்டுப் பேர் போகலாம் என்கிறான் மகன். ஓட்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை.

பதில்: ஓட்டுவீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பார்க்க வேண்டிய நல்ல சாலைகளில் இரண்டுக்கு 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி கிடையாது. ஒன்று, பச்சை, ஊதா, ரோஸ் நிறத்தில் மலை தெரியும் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். இன்னொன்று, மொத்தப் பள்ளத்தாக்கையும் மேலிருந்து காட்டும் டான்டேஸ் வியூ. வாடகைக் கவுண்டரில் "25 அடி வண்டி" என்று சொல்வது ஒரு வகையின் பெயர். பம்பர் முதல் பம்பர் வரை அளந்தால் சில அங்குலம் கூடலாம். ஒப்பந்தத்தில் உண்மையான நீளம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எட்டுப் பேர் என்றால் ஒரு சின்ன ஆர்.வி.யும் கூட ஒரு காரும்தான் என் யோசனை. காரில் ஊர் சுற்றலாம், ஆர்.வி. பிளக்கை விட்டு அசையாமல் நிற்கும். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகை, சாப்ரிஸ்கி பாயின்ட், மெஸ்கீட் மணல்மேடுகள், இவற்றுக்கெல்லாம் பெரிய வண்டியும் போகும். மண் சாலைகளை மறந்துவிடுங்கள், வாடகை வண்டிக்கு அங்கே அனுமதி இருக்காது.

ஓட்டுவதில் லாரிக்காரர் கவனிக்க இரண்டு விஷயம். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் திருப்பினால் பின்புறம் வலப்பக்கம் வீசும். திரும்பி வந்த வண்டிகளில் நான் பார்த்த கீறல்கள் பெரும்பாலும் பின்மூலையில்தான், அதுவும் பெட்ரோல் பங்க் தூண் தேய்த்தது. கூரை இடிபட்டால் பல இன்ஷூரன்ஸ் திட்டங்கள் ஈடு கட்டாது. மேற்கிலிருந்து டவுன் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியாக வந்தால் ஏறும்போது ஏ.சி.யை அணையுங்கள், இறங்கும்போது கீழ் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் வாசனை வரும், அது உங்களுக்குத் தெரிந்த வாசனைதான்.

எரிபொருள் ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வந்தாலே பெரிது. பூங்காவுக்குள் பெட்ரோல் விலை அதிகம். லாஸ் வேகாஸிலிருந்து வந்தால் பாரம்ப் ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள், மளிகையும் அங்கேயே.

மீனாட்சிபுரம்: கேரள லைசென்ஸ் போதுமா?

பதில்: சுற்றுலாவாகப் போகிறவர்களுக்குக் கலிபோர்னியாவில் நம் லைசென்ஸ் செல்லும். இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வையுங்கள். ஒரு வருஷம் செல்லும், கட்டணம் ஆயிரம் ரூபாய். கவுண்டரில் பேச்சு குறையும்.

சித்தூர், இல்லத்தரசி: அண்ணா, மிக்ஸி, இட்லி மாவு, குக்கர் எல்லாம் எடுத்துப் போகலாமா? எங்க மாமியார் வெளிச் சாப்பாடு சாப்பிட மாட்டாங்க.

பதில்: குக்கர் தாராளமாக. அடுப்பு புரொபேன் கேஸில் எரியும், விசில் வரும். மிக்ஸி வேண்டாம்மா, நம்முடையது 230 வோல்ட், அங்கே 120. பொடிகளாக அரைத்து எடுத்துப் போங்கள். மின்சாரம் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஒன்றே ஏறக்குறைய 1,500 எடுக்கும். கூடவே மைக்ரோவேவும் கெட்டிலும் போட்டால் டக்கென்று டிரிப் ஆகும். காபி போடும் பத்து நிமிஷம் ஏ.சி.யை அணையுங்கள், சண்டை வராது.

இட்லி மாவு விஷயத்தில் ஜாக்கிரதை. பல வாடகை ஆர்.வி.க்களின் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடும் வகை, கம்ப்ரசர் கிடையாது. வண்டி சமமாக நிற்காவிட்டால் குளிராது. வெளியே வெயில் ஏற ஏற அதுவும் திணறும். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். ஐஸ் பெட்டி ஒன்று தனியாக வாங்கி மாவு, பால், தயிரை அதில் வையுங்கள். ஃப்ரிட்ஜைக் கிளம்புவதற்கு முந்தின நாளே ஓட விட்டுக் குளிர வைக்கச் சொல்லுங்கள். தாளிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் கடுகு வெடிக்கும் முன் புகை அலாரம் கத்தும்.

வேலந்தாவளம், பெயர் வேண்டாம் என்றவர்: கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது?

பதில்: நீங்கள்தான். இதில் கூச்சப்பட்டவர்கள்தான் எங்களிடம் அதிகம் அபராதம் கட்டினார்கள். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி: கழிப்பறைக் கழிவுக்குக் கறுப்புத் தொட்டி, குளியல், பாத்திர நீருக்குச் சாம்பல் தொட்டி. கையுறை மாட்டி, தடித்த குழாயைக் கழிவுத் துளையில் இறுகப் பொருத்தி, முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும். அது ஓடி முடிந்ததும் மூடிவிட்டுச் சாம்பலைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறினால் குழாயைச் சுருட்டும்போது தெரியும்.

ஹூக்கப் இருக்கிறதே என்று கறுப்பு வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள். திரவம் ஓடிவிடும், மற்றது அப்படியே குவிந்து காய்ந்து நிற்கும். அந்த வெயிலில் சீக்கிரமே இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால்வாசி நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். தண்ணீரைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றுங்கள். ஆர்.வி. கழிப்பறைக் காகிதம் என்று விற்கும், அதை மட்டும் போடுங்கள். ஈரத் துடைப்பான் போட்டால் போச்சு.

கோவிந்தாபுரம்: வெயிலுக்குப் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தல் வண்டியிலேயே இருக்குமாமே?

பதில்: இருக்கும். அதை விரித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், ஊர் சுற்றவும் போகாதீர்கள். பாலைவனக் காற்று சொல்லிக்கொண்டு வராது, மார்ச், ஏப்ரலில் ரொம்ப மோசம். ஐந்து நிமிஷத்தில் துணி கிழிந்து, கம்பி வளைந்து, சுவரில் திருகு பிடுங்கிய ஓட்டையோடு வண்டி வந்து நிற்கும். பெரும்பாலான காப்பீடு பந்தலைச் சேர்ப்பதில்லை. ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்): எனக்கு வயது 68, பி.பி. மாத்திரை, மனைவிக்கு இன்சுலின். வண்டி வழியில் நின்றுவிட்டால்?

பதில்: மாஷே, நவம்பரில் போனால் பயப்பட ஒன்றுமில்லை. பி.பி. மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக்கும். வறண்ட வெயிலில் அது உடம்பை இன்னும் காய வைக்கும். போகுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்சுலினை வண்டி ஃப்ரிட்ஜை நம்பி விடாமல் குளிர்ப்பையில் கையோடு வையுங்கள், ஐஸ் மேல் நேராகப் படக் கூடாது. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தனியாக இருக்கட்டும், வண்டித் தொட்டித் தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள்.

வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு வண்டிதான் முதலில் கண்ணில் படும், நிழலும் அதுதான். பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். கோடையைத் தவிர்க்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சூடான காற்று மெலிந்துவிடும், ஹெலிகாப்டருக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்காது. 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் வெப்பத்தில் சுருண்டபோது மீட்பு ஹெலிகாப்டர் வர முடியவில்லை, ஒருவர் இறந்தார்.

மழையையும் கவனியுங்கள். ஆண்டு முழுக்க இரண்டு அங்குலம் பெய்தால் பெரிது என்ற இடத்தில் 2023 ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. சாலைகள் அறுந்து, பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது. கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள்.

மீனாட்சிபுரம், கல்லூரி மாணவி: பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டே போகலாமா அண்ணா?

பதில்: கூடாது. ஓடும்போது எல்லோருக்கும் பெல்ட். கலிபோர்னியாவில் எட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தை இருக்கையும் வேண்டும், அதை வண்டியில் எந்தச் சீட்டில் கட்டலாம் என்று பதியும்போதே கேளுங்கள்.

சித்தூர்: இவ்வளவு தொல்லைக்கு நம் ஊரிலேயே கேரவன் எடுத்தால் என்ன?

பதில்: எடுக்கலாமே. கேரள சுற்றுலாத் துறை 2021இல் கேரவன் திட்டம் அறிவித்தது, வாகமனில் கேரவன் பூங்காவும் வந்தது. பெரும்பாலும் டிரைவரோடு வரும் வண்டி, குளுகுளு மலை. பாலைவனம் மட்டும் கிடைக்காது.

கொழிஞ்சாம்பாறை, அதே ஐ.டி. தம்பி: கடைசியாக, வண்டியை ஒப்படைக்கும்போது ஏமாறாமல் இருக்க?

பதில்: எடுக்கும்போதே வீடியோ எடு: நாலு மூலை, கூரை, பந்தல், டயர், கண்ணாடி, உள்ளே கட்டில் விளிம்பு வரை. மைல் மீட்டரையும் ஜெனரேட்டர் மணி மீட்டரையும் படம் பிடி. இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு. திரும்பும்போது இரண்டு தொட்டியும் காலியாக, பெட்ரோல் எடுத்த அளவுக்கு. அலமாரி ஓரங்களில் மணல் கிடந்தால் சுத்தம் செய்யும் கட்டணம் விழும். டாலர் கடையில் ஒரு விளக்குமாறு வாங்கிக்கொள்.