சிசி கணக்கு ரோட் டேக்ஸ் நியாயமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

காடி இன்சூரன்ஸ் ரினியூ பண்ணிக் குடுக்குறதுதான் என் வேலை, ரோட் டேக்ஸும் கூடவே வந்துடும், அதனால இன்ஜின் அளவ, அதான் சிசிய வச்சு ரோட் டேக்ஸ் வாங்குறது அநியாயம்னு புலம்பல் கேக்காத வாரமே இல்ல. நான் சொல்ற ரேட் எல்லாம் மேற்கு மலேசியாவுக்கு, சொந்தப் பேர்ல உள்ள காடிக்கு. சபா சரவாக்ல குறைவு, அத இங்க போட்டுக் குழப்பாதீங்க.

கேள்வி: அண்ணே, அப்பாவோட பழைய டொயோட்டா கேம்ரி 2.4க்கு வருசம் 742 வெள்ளி (ரிங்கிட்) கட்டுறோம். எதிர்வீட்டுல புது மெர்சிடிஸ் சி200, அவங்களுக்கு 90 வெள்ளிதானாம். கதை விடுறாங்களா?

கதை இல்ல தம்பி, நெசம்தான். உங்க இன்ஜின் 2362 சிசி. 2000 சிசி தாண்டுனா 380 வெள்ளியில ஆரம்பிக்கும், அதுக்கு மேல ஒரு சிசிக்கு ஒரு வெள்ளி, 362ஐ சேத்துக்குங்க, 742. அவங்களோடது 1.5 டர்போ, 1496 சிசி, 1401ல இருந்து 1600 வரைக்கும் உள்ள சலூன், அதாவது சாதாரண காடி எல்லாத்துக்கும் ஒரே 90 வெள்ளி. சின்ன பெரோடுவா மைவி 1.5 வச்சிருக்குறவரும் அதே 90தான் கட்டுறாரு. அந்த சி200 இன்ஜின் 204 குதிரை சக்தி, உங்க கேம்ரி 170ஐக்கூட தொடாது. விலையில பாத்தாலும் சக்தியில பாத்தாலும் தலைகீழ்தான், நீங்க கோவப்படுறதுல தப்பே இல்ல.

கேள்வி: அப்ப காடிய வித்துட்டு 1.5 வாங்கிடலாமா?

ரோட் டேக்ஸுக்காக மட்டும்னா வேணாம். வருசத்துக்கு 652 வெள்ளி மிச்சம், புது காடி லோன் ரெண்டு மாசம் கட்டுனாலே அது காணாம போயிடும். அதுவுமில்லாம 2.4, 2.5 பழைய காடிங்க செகண்ட் ஹேண்ட்ல அடிமாட்டு விலைக்குப் போறதுக்கு இந்த டேக்ஸும் ஒரு காரணம், விக்கும்போது அடி வாங்கப் போறது நீங்கதான்.

கேள்வி: இந்த சிசி கணக்க எந்த யோசனையில வச்சாங்க பாஸ்?

டர்போ அதிகமா இல்லாத காலத்துல பாத்தா யோசனை சரியாதான் இருந்துச்சு. பெரிய இன்ஜின்னா பெரிய சக்தி, அத வாங்குறவன் வசதியானவன், அவன்கிட்ட கூட வாங்கு. 1985ல புரோட்டோன் சாகா 1.3 இன்ஜினோட வந்தப்ப சாதாரண குடும்பம் அதுல ஏறுச்சு, டவுக்கே முதலாளிங்க பெரிய பென்ஸ்ல போனாங்க, சிசிய பாத்தாலே ஆளோட பை தெரிஞ்சுடும். சிசி காடியோட பதிவு கார்டுலயே இருக்கு, யாரும் ஏமாத்த முடியாது, கவுண்டர்ல உள்ளவங்களுக்கும் சுலபம். அப்புறம் சின்ன இன்ஜின்ல டர்போ மாட்டி பெரிய இன்ஜின் வேலைய வாங்க ஆரம்பிச்சாங்க, நம்ம புரோட்டோனே பிரெவே காடில 1.6 டர்போ போட்டுச்சு, பட்டியல் மட்டும் நகரவே இல்ல. இன்னொரு பக்கம் படி எவ்ளோ செங்குத்தா இருக்குன்னு பாருங்க, 1600 சிசிக்கு 90 வெள்ளி, 1601க்கு 200 வெள்ளி 40 காசு. ஒரு சிசிக்கு 110 வெள்ளி! கம்பெனிக்காரங்க இன்ஜின 1498, 1598, 1998னு கோட்டுக்குக் கீழயே செய்யுறது சும்மா இல்ல, மத்த நாட்டுலயும் இதே மாதிரி கோடு இருக்கு.

கேள்வி: அல்பார்ட் வச்சிருக்குறவங்கதான் நெறைய கட்டணும், கட்டுறாங்களா?

இத சொன்னா நம்ப மாட்டீங்க. டொயோட்டாவோட சொகுசு வேன் 3.5 அல்பார்ட் 3456 சிசி, எம்பிவி (ஏழு சீட்டு மாதிரி பெரிய குடும்பக் காடி) பட்டியல்ல வரும், சுமார் 2370 வெள்ளி. அதே சிசி சலூனா இருந்தா 4182 வெள்ளி. சலூனுக்கு 3000க்கு மேல ஒரு சிசிக்கு நாலரை வெள்ளி, சலூன் இல்லாததுக்கு 1 வெள்ளி 60 காசுதான். ஆனா சின்ன இன்ஜின்ல அப்படியே திரும்பிடும், 1.5ல சலூன் 90, எம்பிவி பட்டியல்ல 120. அதாவது பிள்ளைகுட்டியோட ஏழு சீட்டு வாங்குறவன் கூட கட்டுறான், பெரிய அல்பார்ட்டுக்கு சலுகை. எனக்கு இதுல நியாயமே தெரியல.

கேள்வி: பேசாம எண்ணெய் விலையில வாங்கிட்டா? நெறைய ஓட்டுறவன் நெறைய கட்டுவான்.

கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா நம்ம நாட்டுல ரோன்95 பெட்ரோலுக்கு அரசாங்கமே காசு போடுது, 2025 செப்டம்பர் கடைசியில பூடி95ங்குற திட்டத்துல லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு குடுக்க ஆரம்பிச்சாங்க, ஒரு கையில குடுத்துட்டு மறு கையில வரி புடுங்குனா எவன் ஓட்டு போடுவான். கிராப் டாக்சி ஓட்டுற நம்ம பையனுங்க, தோட்டத்துல இருந்து டவுனுக்கு வேலைக்கு வர்றவங்க, இவங்கதான் மொதல்ல மாட்டுவாங்க. மின்சார காடிக்காரர் ஒரு காசு கட்ட மாட்டாரு.

கேள்வி: அதான் மின்சார காடிக்கு கிலோவாட் கணக்குன்னு கொண்டு வந்துட்டாங்களே, அதையே எல்லாத்துக்கும் வச்சா?

என் விருப்பமும் அதான். 2025 டிசம்பர் 31 வரைக்கும் அவங்களுக்கு ரோட் டேக்ஸ் இல்ல, 2026 ஜனவரி 1ல இருந்து மோட்டார் சக்திய வச்சு கட்டணும். அங்க முடியுதுன்னா பெட்ரோல் காடிக்கு ஏன் முடியாது, சக்தி எவ்ளோன்னு தயாரிக்கிறவனே எழுதிக் குடுக்குறான். ஆனா ஒண்ணு, புது காடிக்கு மட்டும் மாத்தி பழசுக்கு சிசியே இருக்கட்டும்னு விட்டா கத்தப் போறது உங்கள மாதிரி ஆளுங்கதான். அயர்லாந்துல அதான் நடந்துச்சு, 2008 ஜூலையில புதுசா பதியுற காடிக்கு புகை அளவு கணக்கு, அதுக்கு முந்தி பதிஞ்சதுக்கு சிசி கணக்கே, வசதி உள்ளவன் புது காடிக்கு மாறி குறைச்சிக்கிட்டான், பழச வச்சிருந்தவன் பழைய ரேட்லயே நின்னான். மாத்துனா பத்து, பதினஞ்சு வருசம் தாண்டுன காடிக்கு ஒரு உச்சவரம்பு வச்சிட்டு மாத்தணும், இல்லன்னா இப்ப இருக்குறதே தேவலாம்.

கேள்வி: மோட்டார்சைக்கிளுக்கும் இதே கூத்தா அண்ணே? யமஹா ஒய்16 வாங்கலாம்னு இருக்கேன்.

அதேதான். 150 சிசி வரைக்கும் வருசத்துக்கு 2 வெள்ளி, ஒரு தே தாரிக் டீ குடிக்கிற காசு. ஒய்16 155 சிசி, அஞ்சு சிசி கூட, அதனால 30 வெள்ளி. இதுக்காக ஒய்15ஐ தேடாதீங்க, புடிச்சத வாங்குங்க, ஆனா ரினியூ பண்ணாம மட்டும் ஓட்டாதீங்க, இப்ப ஸ்டிக்கர் ஒட்ட வேணாம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) குடுக்குற மைஜேபிஜே ஆப்லயே தெரியும், ரோட் பிளாக்ல நம்பர தட்டுனா அவங்களுக்கும் தெரியும்.