கலிஃபோர்னியாவில் சொந்தமாக மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு) வைத்திருக்கிறேன். அது நிற்பது இப்படிப்பட்ட வீடுகளுக்கு இடம் வாடகைக்கு விடும் ஒரு பார்க்கில். பார்க் நிர்வாகம் இட வாடகையை ஏற்றிவிட்டது, வீட்டை வாங்க வந்தவரையும் ஏற்க மறுக்கிறது. எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதலில் ஒன்று: கோபத்தில் வாடகை கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தவணைத் தேதி போய் 5 நாள் ஆனால், ‘3 நாளில் கட்டு, இல்லாவிட்டால் காலி செய்’ என்று நோட்டீஸ் கொடுத்துவிடுவார்கள். 12 மாதத்துக்குள் அப்படி மூன்று நோட்டீஸ் வாங்கியிருந்தால், அடுத்த முறை அந்த 3 நாள் அவகாசமும் கிடையாது. எங்கள் பார்க்கில் நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்த ஒருவர் இப்படித்தான் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ஏற்றிய தொகையை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பணத்தைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

வீடு உங்களுடையது, தரை அவர்களுடையது. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோக ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பழைய வீடாக இருந்தால் வேறு பார்க் ஏற்றுக்கொள்வதே சந்தேகம். இந்த மாட்டிக்கொண்ட நிலைக்காகவே கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பில் (சிவில் கோட்) 798-ஆம் பிரிவு தொடங்கி ‘மொபைல்ஹோம் ரெசிடென்சி லா’ என்று தனிச் சட்டம் இருக்கிறது. அபார்ட்மென்ட் வாடகைச் சட்டத்தைத் தேடிப் படித்துக் குழம்ப வேண்டாம், இதைப் படியுங்கள். பார்க் ஆபீஸில் கேட்டால் பிரதி தர வேண்டும்.

வாடகையை ஏற்ற 90 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மாநிலம் முழுக்கப் பொதுவான வரம்பு இல்லை, உங்கள் ஊரைப் பொறுத்தது. உதாரணமாக, சான் ஹோசே நகரத்தில் ஆண்டு வரம்பு விலைவாசிக் குறியீட்டு உயர்வில் 75 சதவீதம், அதுவும் 3 சதவீதத்துக்குக் குறையாமல் 7 சதவீதத்தைத் தாண்டாமல். ‘நீங்கள் நீண்டகால ஒப்பந்தம் போட்டவர், ஊரின் வாடகைக் கட்டுப்பாடு உங்களுக்குக் கிடையாது’ என்று மேனேஜர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த விலக்கு 2025 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் பல இடங்களில் இந்தப் பழைய கதையைச் சொல்லியே ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள், கேட்கவே வயிறெரிகிறது.

அப்புறம், விற்பனை. உங்கள் கை ஓங்கியிருப்பது இங்கேதான். வாங்குபவரை ஏற்க மறுக்கப் பொதுவாக இரண்டே காரணம்: வாடகை கட்டும் வசதி இல்லை, அல்லது முன்பு குடியிருந்த இடங்களில் அவர் நடந்துகொண்டதைப் பார்த்தால் இங்கே விதிகளை மதிக்க மாட்டார். கேட்ட விவரம் எல்லாம் கைக்கு வந்த 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’, ‘அந்த இடத்தில் நாங்களே புது வீடு வைக்கப் போகிறோம்’ என்பதெல்லாம் காரணமே இல்லை. தவறாகத் தடுத்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதை அவர்கள்தான் ஈடுகட்ட வேண்டும். வேண்டுமென்றே சட்டத்தை மீறியதாக நிரூபித்தால், ஒவ்வொரு மீறலுக்கும் 2,000 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வாயால் எதுவும் பேசாதீர்கள். இன்றே ஒரு கடிதம் எழுதி, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

காலி செய்யச் சொல்லி மிரட்டினாலும் பதற வேண்டாம். சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று வேண்டும், 60 நாள் நோட்டீஸ் வேண்டும், அப்போதும் போகாவிட்டால் அவர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

புகார் கொடுக்க மாநில வீட்டுவசதித் துறையில் 2020 ஜூலை முதல் தனித் திட்டமே இருக்கிறது. இடத்துக்கு ஆண்டுக்கு 10 டாலர் என்று வசூலித்த பணத்தில் நடப்பது அது. எல்லாப் புகாரையும் எடுக்க மாட்டார்கள், ஆனால் எடுத்தால் இலவச வக்கீல் வரை கொண்டுபோய் விடுவார்கள். அக்கம்பக்கத்தாரிடமும் பேசுங்கள், வாடகை ஏற்றும் இதே கடிதம் அவர்களுக்கும் வந்திருக்கும். பார்க்கின் பொதுக் கூடமான கிளப்ஹவுஸில் கூட்டம் போட உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு டெபாசிட் கேட்கக்கூடாது. நேராக வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தச் சட்டத்தில் ஜெயித்தவரின் வக்கீல் செலவு தோற்றவர் தலையில் விழும்.